"விட்டுடும்மா" என்கிறார்கள்: கல்லூரிப் பாலியல் புகார்கள் பற்றி வாசகர் கேள்விகள்

எனக்குப் பாலியல் தொந்தரவு தந்தவனைப் பற்றித் துறைத்தலைவரிடம் சொன்னேன். "அவனைக் கண்டிச்சு அனுப்பிட்டேன், விட்டுடும்மா" என்கிறார். அவ்வளவுதானா? (மாணவி, மதுரை)

இல்லைம்மா. இதை முடித்துவைக்க அவருக்கு அதிகாரமே கிடையாது. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2015 விதிமுறைகளின்படி துறைத்தலைவர், டீன், பதிவாளர் ஆகியோர், இத்தகைய புகார்களை விசாரிக்கும் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவில் உறுப்பினராகக்கூட இருக்க முடியாது. கல்லூரியின் பெயரைக் காப்பாற்றும் கவலை விசாரணைக்குள் நுழையக் கூடாது.

அந்தக் குழுவிடம் எழுதிக் கொடுங்கள். தேதி, நேரம், இடம், அவன் சொன்ன வார்த்தை, பக்கத்தில் இருந்தவர்கள், இவ்வளவு போதும். எழுத முடியாவிட்டால் குழு உதவியாக வேண்டும். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் நீட்டிப்பார்கள். கல்லூரியைச் சேராத வெளி உறுப்பினராக நான் உட்காரும் குழுக்களில், "இன்னிக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்துட்டேன் மேடம்" என்று அழுத பிள்ளைகள் பலர். சமரசம் பேசுவது நீங்களாகக் கேட்டால் மட்டுமே. பணம் கொடுத்து முடிக்கக் கூடாது.

தொந்தரவு தருபவரே என் கைடு. என் தீசிஸ் என்னாகும்? (ஆய்வு மாணவி)

புகாரோடு இடைக்கால நிவாரணமும் கேளுங்கள். உங்கள் ஆய்வையோ தேர்வையோ அவர் மதிப்பிடாமல் தடுக்கலாம். உங்களுக்கு 3 மாதம் வரை விடுப்பும் தரலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும்.

நிரூபிக்க முடியாவிட்டால் என்மேல் நடவடிக்கை வருமா?

வராது. ஆதாரம் போதாமல் போவது வேறு, வேண்டுமென்றே பொய்ப் புகார் தருவது வேறு. சட்டம் இரண்டையும் பிரித்தே பார்க்கிறது.

நான் ஆண் மாணவன். புகார் தரலாமா?

தரலாம். ஆண் மாணவர்களும் திருநர்களும் பாதிக்கப்படலாம் என்பதை யுஜிசி விதிகள் ஏற்கின்றன.

போலீஸுக்குப் போனால் பெயர் வெளியாகிவிடுமோ என்று அம்மா பயப்படுகிறார்.

அம்மாவின் பயம் நியாயமானது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்கொடுமை வழக்கின் முதல் தகவல் அறிக்கையே இணையத்தில் கசிந்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் சென்னை உயர் நீதிமன்றம் அதைச் சும்மா விடவில்லை. அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தர உத்தரவிட்டு, 3 பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவையும் அமைத்தது. 2025 ஜூனில் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை, குறைந்தது 30 ஆண்டு சிறை என்று தீர்ப்பானது. பாலியல் வன்புணர்வு வழக்கில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதே குற்றம்.

வன்முறை நடந்திருந்தால் கல்லூரிக் குழுவுக்காகக் காத்திருக்காதீர்கள். 112 (அவசர உதவி) அல்லது 181-ஐ (மகளிர் உதவி எண்) அழையுங்கள். முடிந்தால் குளிப்பதற்கு முன்பே மருத்துவமனைக்குப் போங்கள். தனியார் மருத்துவமனையும் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகித உறையில் வையுங்கள்.

எங்கள் கல்லூரியில் குழு இருப்பதாகவே தெரியவில்லை.

ஒரு கல்லூரியில் குழு உறுப்பினர் பட்டியலைத் தேடினேன். அறிவிப்புப் பலகையில் பேருந்துக் கட்டணச் சுற்றறிக்கைக்கு அடியில் ஒட்டியிருந்தது. அதில் இருந்த தலைவி ஓய்வு பெற்று 2 வருடமாம். 6 பேராகச் சேர்ந்து முதல்வரிடம் எழுத்தில் கேளுங்கள்: தலைவி யார், வெளி உறுப்பினர் யார், மாணவர் பிரதிநிதிகளுக்குத் தேர்தல் எப்போது நடந்தது? நகலில் தேதியோடு முத்திரை வாங்க மறக்காதீர்கள்.