செடியோடு வெளிநாடு போகலாமா? அண்ணாச்சியிடம் நெல்லைக்காரர்கள் கேட்டவை

பாளையங்கோட்டையிலிருந்து ஓர் அக்கா: அண்ணாச்சி, மகள் டெக்சாஸில் இருக்கிறாள். வீட்டுக் கறிவேப்பிலைக் கன்று ஒன்றைக் கொண்டுபோகலாமா? சான்றிதழ் வாங்கினால் விட்டுவிடுவார்கள் என்கிறார்களே?

விடமாட்டார்கள் அக்கா. கன்று மட்டுமில்லை, பச்சை இலைக்கும் அனுமதி கிடையாது. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம். நாளைக்கு உங்கள் மரத்துக் கொழுந்து ஒன்றை ஒடித்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். எள்ளளவில் பழுப்பு நிறப் பூச்சி, தலையைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கி, சாய்வாக உட்கார்ந்திருந்தால் அதுதான் சைலிட். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களில் ‘கிரீனிங்’ நோயைப் பரப்புவது இதுதான். இலையில் மஞ்சள் திட்டு விழும், காய் கோணிக்கொண்டு பச்சையாகவே உதிரும், கடைசியில் மரம் பட்டுப்போகும். குணப்படுத்த வழியில்லை. 2005இல் இந்த நோய் புளோரிடாவில் தென்பட்டது, அதன் பிறகு அங்கே ஆரஞ்சுத் தோட்டங்கள் அழிந்துகொண்டே வந்தன. புளியங்குடியில் எலுமிச்சை போட்டிருப்பவர்களுக்கு இந்த வேதனை நன்றாகவே புரியும்.

மகளை அங்கேயே, அவர்கள் ஊர் நர்சரியில் வாங்கச் சொல்லுங்கள். பக்கத்து மாநிலத்திலிருந்து எடுத்துவருவதற்குக்கூட அங்கே கட்டுப்பாடு உண்டு. தடைப் பட்டியலில் இல்லாத, தனி நிபந்தனை எதுவும் விதிக்கப்படாத செடியென்றால் 12 வரை அமெரிக்காவுக்குத் தனி அனுமதிச் சீட்டு இல்லாமல் கொண்டுபோகலாம். ஆனால் செடியில் பூச்சியோ நோயோ இல்லை என்று அரசு தரும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், வேரில் மண் இருக்கக் கூடாது.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து: அந்தச் சான்றிதழை எங்கே வாங்குவது?

மத்திய அரசின் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையத்தில். நமக்குப் பக்கம் தூத்துக்குடி. ஆனால் நேரே அங்கே ஓடாதீர்கள். நீங்கள் போகிற நாடு என்ன கேட்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இறக்குமதி அனுமதி தேவைப்படும் நாடென்றால், அங்கே இருக்கிற உறவினர் விண்ணப்பித்து வாங்கி அனுப்ப வேண்டும். அதில் எழுதியிருக்கும் நிபந்தனைகளை வைத்துத்தான் இங்கே அதிகாரி செடியைச் சோதிப்பார்.

அப்புறம் மண். பெரும்பாலான செடிகள் திரும்பி வருவது இதனால்தான். முந்தின நாளே தொட்டியைக் கவிழ்த்து, ஒரு வாளித் தண்ணீரில் வேரை ஊறவிடுங்கள். தண்ணீரை மாற்றி மாற்றி அலசுங்கள். தடித்த வேர் சீக்கிரம் சுத்தமாகிவிடும், நுனிவேர்களின் இடுக்கில்தான் செம்மண் பிடித்துக்கொண்டிருக்கும். பழைய பல்துலக்கும் பிரஷால் மெதுவாகத் தேய்த்தால் போய்விடும். வாளியின் அடியில் மண் படியாமல் தண்ணீர் தெளிந்து நின்றால் போதும். ஈரக் காகிதத்தில் வேரைச் சுற்றிக் கட்டுங்கள். இவ்வளவு பாடு எதற்கென்றால், வேரைத் தின்னும் நூற்புழு கண்ணுக்குத் தெரியாது, ஒரு பிடி மண்ணிலேயே ஏராளமாக இருக்கும்.

தென்காசியிலிருந்து: ஜெர்மனிக்குத் தேங்காய் கொண்டுபோகலாமா?

தாராளமாக. 2019 டிசம்பர் 14 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சான்றிதழ் கேட்காத பழங்கள் ஐந்துதான்: தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, அன்னாசி, டுரியன். முளைவிட்ட தேங்காய் வேண்டாம், அது நாற்றுக் கணக்கில் வந்துவிடும்.

மேலப்பாளையத்திலிருந்து: துபாயில் இருக்கும் தம்பி முருங்கைப் போத்து கேட்கிறான்.

போத்து, அதாவது நடுவதற்கு வெட்டிய கிளை, அதுவும் நடுகிற செடிதான் பாய். அங்கிருந்து இறக்குமதி அனுமதியும் இங்கிருந்து சான்றிதழும் இருந்தால் கொண்டுபோகலாம். மளிகைப் பொட்டலங்களைக் கட்டும்போது கசகசா இருக்கிறதா என்று தயவுசெய்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் வரும். சிங்கப்பூரிலும் அப்படித்தான்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தம்பி: சிங்கப்பூர் நண்பர் ஒருவர் பொதிகை மலை ஆர்க்கிட் கேட்கிறார். நல்ல விலை தருவாராம்.

தொடவே தொடாதே தம்பி. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் செடியைப் பிடுங்குவதே குற்றம். அதைக் கடல் தாண்டிக் கொண்டுபோவது இரண்டாவது குற்றம். அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ‘சைட்டிஸ்’ ஒப்பந்தத்தில் எல்லா ஆர்க்கிட்களும் அடங்கும். அகத்தியர் மலைத் தொடரில் மட்டுமே வளரும் மஞ்சள் நிறச் செருப்பு ஆர்க்கிட் ஒன்று உண்டு, பாபியோபெடிலம் துருரி என்று பெயர். அழிந்துபோனது என்று நினைத்திருந்து, 1972இல் திரும்பக் கண்டுபிடித்தார்கள். அப்புறமும் ஆசைக்காரர்கள் அதைப் பிடுங்கிக் குறைத்துவிட்டார்கள். நம் மலையை விட்டால் அதற்கு வேறு இடம் கிடையாது.

சங்கரன்கோவிலிலிருந்து: தாய்லாந்திலிருந்து அடீனியம் பூச்செடி கொண்டுவரலாமா? இணையத்தில் விதை வாங்கலாமா?

இரண்டுக்கும் 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை பொருந்தும். நம் அரசின் இறக்குமதி அனுமதி, அந்த நாட்டுச் சான்றிதழ் இரண்டும் வேண்டும். மண் கூடவே கூடாது. நடுகிற பொருளை எல்லா விமான நிலையம் வழியாகவும் கொண்டுவர முடியாது, சென்னை போன்ற குறிப்பிட்ட இடங்கள் வழியாகத்தான் வர வேண்டும். இது வீண் கெடுபிடி இல்லை. மெக்சிகோ பக்கத்துப் பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோயம்புத்தூரில் தென்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எல்லாவற்றையும் வெள்ளையாகப் போர்த்திவிட்டது. அதைத் தின்னும் ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து விட்ட பிறகுதான் விவசாயிகள் மூச்சுவிட்டார்கள். தாமிரபரணியை மூடிக்கிடக்கும் ஆகாயத்தாமரையும் அழகுக்காக நாட்டுக்குள் வந்த செடிதான்.

வள்ளியூரிலிருந்து: மெல்போர்னில் இருக்கும் மகனுக்கு வில்வ விதை. பையின் அடியில் போட்டால் தெரியவா போகிறது?

எக்ஸ்ரேயும் மோப்ப நாயும் வைத்திருக்கிறார்கள் ஐயா. வில்வமும் எலுமிச்சைக் குடும்பம்தான் என்பதால் கூடுதலாகவே பார்ப்பார்கள். இறங்கும்போது தரும் படிவத்தில் ‘விதை, தாவரப் பொருள்’ என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று குறித்து, எடுத்துக் காட்டிவிடுங்கள். விதையை எடுத்துக்கொண்டாலும் உங்களை அனுப்பிவிடுவார்கள். மறைத்து மாட்டினால் அபராதம், விசாவையே ரத்துசெய்யவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. நியூசிலாந்தில் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம் போட்டுவிடுவார்கள், ஒரு ஆப்பிளைச் சொல்ல மறந்தாலும் அதே தொகைதான்.