இந்தக் கல்லுக்கு என்ன செய்திருக்கிறார்கள்? – ரத்தினக்கல் கேள்வி பதில்

இருபது வருடங்களுக்கு மேலாகக் கற்களைப் பரிசோதிக்கும் வேலையில் இருக்கிறேன். நகை வாங்குவது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கற்களின் நிறத்தையும் தெளிவையும் கூட்டச் செய்யும் ட்ரீட்மென்ட் பற்றியவை. அதனால் அவற்றுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

கே: மேடம், ட்ரீட்மென்ட் செய்த கல் என்றால் போலிக் கல் என்றுதானே அர்த்தம்?

இல்லை. மண்ணிலிருந்து எடுத்து, பட்டை தீட்டியதைத் தவிர வேறெதுவும் செய்யாத கல் ஒரு வகை. அதே இயற்கைக் கல்லைச் சூடேற்றியோ, எண்ணெய் ஏற்றியோ, சாயம் போட்டோ அழகாக்கியது இன்னொரு வகை. ஆய்வகத்தில் வளர்த்தது மூன்றாவது. பொருள் அதேதான், பிறந்த இடம் வேறு. சிவப்புக் கண்ணாடியை மாணிக்கம் என்று கொடுத்தால் அதுதான் போலி.

“ஒரிஜினல்தானே?” என்று மட்டும் கேட்காதீர்கள். முதல் மூன்று வகைக்கும் விற்பவர் தயங்காமல் “ஒரிஜினல்” என்று சொல்லிவிடலாம். “இந்தக் கல்லுக்கு என்னென்ன செய்திருக்கிறார்கள்?” என்று கேளுங்கள். வரும் பதிலை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொன்ன வார்த்தையை எழுதக் கூச்சப்படும் கடையில் நான் கல் வாங்க மாட்டேன்.

கே: நான் வாங்கிய நீலக்கல் சூடேற்றியது என்று பிறகு தெரிந்தது. ஏமாந்துவிட்டேனா?

சூடேற்றியது என்பதாலேயே ஏமாற்றம் ஆகாது. சந்தைக்கு வரும் நீலம், மாணிக்கம் இரண்டிலும் பெரும்பாலானவை தீயைப் பார்த்தவைதான். ‘சில்க்’ எனப்படும் நுண்ணிய ஊசிகள் சில நீலக்கற்களுக்குள் பட்டு நூல் போலப் படர்ந்திருக்கும். அவை டைட்டேனியம் ஆக்சைடு. அதிக வெப்பத்தில், சில சமயம் 1,600 டிகிரி செல்சியஸுக்கும் மேல், அந்த ஊசிகள் கரைந்து டைட்டேனியம் கல்லோடு கலக்கும். ஏற்கெனவே உள்ள இரும்போடு சேர்ந்து அதுவே நீல நிறத்தைத் தருகிறது. பால் போல மங்கிக் கிடந்த கல் ஒரே நேரத்தில் தெளிந்து நீலமாவது இப்படித்தான். இலங்கையில் ‘கெவுடா’ என்று அழைக்கப்படும் இத்தகைய மங்கிய கற்கள் 1970களில் இப்படித்தான் மதிப்புப் பெற்றன.

இந்த நிறம் மங்காது, தனிக் கவனிப்பும் தேவையில்லை. ஆனால் அதே தரத்தில், சூடு படாத கல் கிடைப்பது அரிது. விலையும் பல மடங்கு போகலாம். சூடேற்றிய கல்லைச் சூடேற்றாத கல்லின் விலைக்கு உங்களிடம் விற்றிருந்தால் அது ஏமாற்று. பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

கே: மோதிரத்தின் அளவை மாற்றக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது மாணிக்கத்தின் மேல் வெள்ளை வலை போலக் கோடுகள். பொற்கொல்லர் கல்லை மாற்றிவிட்டாரா?

மாற்றியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ஈயக் கண்ணாடி நிரப்பிய கல்லாக இருக்க வாய்ப்பு அதிகம்.

விரிசல்கள் நிறைந்த, ஒளியே புகாத மட்டமான கல்லை எடுத்து, முதலில் திராவகத்தில் கழுவுவார்கள். பிறகு ஈயம் அதிகமுள்ள கண்ணாடியை உருக்கி விரிசல்களுக்குள் ஓட விடுவார்கள். கல்லில் ஒளி எப்படி வளைகிறதோ ஏறக்குறைய அதே போல இந்தக் கண்ணாடியிலும் வளைவதால் விரிசல் கண்ணிலிருந்து மறைந்துவிடும். 2004 வாக்கில் சந்தைக்கு வந்த முறை இது. தீ பட்டால் கண்ணாடி இளகும், திராவகம் பட்டால் அரிக்கும். எலுமிச்சைச் சாறுகூட மேற்பரப்பில் இருக்கும் கண்ணாடியைத் தின்றுவிடும். உங்கள் மோதிரத்துக்குப் பட்டறையில் தீயும் திராவகமும் இரண்டும் பட்டிருக்கும்.

என்னிடம் ஒருமுறை இதே போல ஒரு கல் வந்தது. பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பில் பார்த்தேன். கல்லை மெல்லச் சாய்த்தபோது சிவப்புக்குள்ளிருந்து ஒரு நீலப் பளிச்சு எழுந்து உடனே அணைந்தது. இன்னும் கொஞ்சம் சாய்த்தால் மறுபடி வந்தது. விரிசல்களின் தளத்திலேயே தட்டையான வட்டக் குமிழிகள். மாணிக்கத்துக்கு இந்த இரண்டும் சொந்தமில்லை, கண்ணாடிக்குச் சொந்தம். கொண்டு வந்தவர் இதை நல்ல மாணிக்கம் என்று நம்பிப் பெரிய தொகை கொடுத்திருந்தார். விற்றவர் அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பணமும் மிஞ்சியிருக்கும், பட்டறையிலும் கல்லைக் கழற்றிவிட்டு வேலை செய்திருப்பார்கள். இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

கண்ணாடி அதிகம் நிரப்பிய இத்தகைய கல்லை வெறுமனே ‘மாணிக்கம்’ என்று மட்டும் சொல்லி விற்பது வாங்குபவரைத் தவறாக வழிநடத்தும் என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 2018இல் திருத்திய வழிகாட்டு நெறிகளில் சொல்கிறது. அதே நெறிகளின்படி, ட்ரீட்மென்ட் நிரந்தரமற்றது என்றாலோ, தனிக் கவனிப்பு தேவை என்றாலோ, விலையைக் கணிசமாக மாற்றுகிறது என்றாலோ விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் எந்த நாட்டில் வாங்கினாலும் இந்த மூன்றையும் கேள்விகளாக்கிக் கேட்கலாம்.

கே: மரகத மோதிரத்தை அல்ட்ராசோனிக் மெஷினில் சுத்தம் செய்யலாமா அக்கா?

வேண்டவே வேண்டாம். நீராவியும் வேண்டாம், சூடான சோப்புத் தண்ணீரும் வேண்டாம்.

மரகதத்தில் விரிசல் இல்லாத கல் மிக அரிது. உள்ளே கொடியும் செடியுமாகத் தெரிவதை வியாபாரத்தில் ‘ஜார்டின்’ என்பார்கள், பிரெஞ்சில் தோட்டம். மேற்பரப்பை எட்டும் விரிசல்களில் செடார் மர எண்ணெயோ ரெசினோ ஏற்றுவது நெடுங்கால வழக்கம், தொழிலில் எல்லோரும் ஏற்றுக்கொண்டதும்கூட. ஆனால் எண்ணெய் அங்கேயே நிற்காது. சூட்டிலும் அதிர்விலும் வெளியேறும், வருடக்கணக்கில் தானாகவும் காயும். அப்போது மறைந்திருந்த கோடுகள் வெள்ளையாக எழும்பும். பலர் “கல் உடைந்துவிட்டது” என்று பதறிப்போய் வருகிறார்கள். உடையவில்லை, எப்போதும் இருந்த விரிசல்தான். தெரிந்தவரிடம் கொடுத்தால் மறுபடி எண்ணெய் ஏற்றித் தருவார்.

வாங்கும்போது எவ்வளவு ஏற்றியிருக்கிறது என்று கேளுங்கள். நல்ல ஆய்வகங்கள் மிகக் குறைவு, குறைவு, மிதம், அதிகம் என்ற மாதிரி அளவையும் எழுதுகின்றன. ஒரே மாதிரி தெரியும் இரண்டு மரகதங்களில் ஒன்று ‘குறைவு’, மற்றது ‘அதிகம்’ என்றால் அவை ஒரே விலைக் கற்கள் அல்ல. துடைக்க, ஈரமான மென்துணி போதும்.

கே: நீல டோபாஸில் கதிர்வீச்சு இருக்கிறதாமே? குழந்தையைத் தூக்கும் கையில் போடலாமா?

தாராளமாகப் போடலாம். கடைகளில் உள்ள அடர்நீல டோபாஸ் அனேகமாக எல்லாமே நிறமற்ற கல்லைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, பிறகு சூடேற்றி நீலமாக்கியவை. அணு உலையில் வைத்த கற்களில் கொஞ்சம் கதிரியக்கம் தங்கும் என்பது உண்மைதான். அது பாதுகாப்பு அளவுக்குக் கீழே இறங்கும் வரை அவற்றைச் சேமித்து வைத்த பிறகே விற்பனைக்கு விட வேண்டும் என்பது விதி. நிறமும் நிலையானது. பயம் வேண்டாம், ஆனால் ‘இயற்கை நீலம்’ என்று சொல்லி அதிக விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

கே: லூப் வாங்கிக் கற்றுக்கொண்டால் நாமே எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடலாமா?

கொஞ்சம் கண்டுபிடிக்கலாம். கண்ணாடி நிரப்பியது, சாயம் போட்டது, மேற்பூச்சு ஆகியவை பழகிய கண்ணுக்குச் சிக்கும். சாயம் போட்ட முத்தில் துளையின் ஓரத்தைப் பாருங்கள், சாயம் அங்கே திட்டாகச் சேர்ந்திருக்கும்.

ஆனால் நிறத்தை மாற்றுவதற்காகச் சூட்டோடு பெரிலியம் என்ற தனிமத்தை ஏற்றிய கல்லை லூப் நிச்சயப்படுத்தாது. 2001–02இல் ஆரஞ்சு கலந்த இளஞ்சிவப்பு நீலக்கற்கள் (பெயர்தான் நீலம், இந்தக் கல் வேறு நிறங்களிலும் உண்டு) திடீரெனக் குவிந்தபோது ஆய்வகங்களே தடுமாறின. பெரிலியம் மிகச் சின்ன அணு, அதிக வெப்பத்தில் கல்லுக்குள் ஆழமாகப் போய்விடும். லேசரால் துளி கல்லை ஆவியாக்கி அதிலுள்ள தனிமங்களை அளக்கும் கருவிதான் அதை உறுதி செய்யும். பத்பராட்ஷா எனப்படும் ஆரஞ்சு கலந்த இளஞ்சிவப்பு, அடர் மஞ்சள், ஆரஞ்சு நீலக்கற்களை ஆய்வறிக்கை இல்லாமல் பெரிய விலைக்கு வாங்காதீர்கள்.

கே: கடையிலேயே ஒரு சான்றிதழ் தருகிறார்களே, அது போதாதா?

விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஆய்வகம் தந்ததா என்று பாருங்கள். ட்ரீட்மென்ட் பகுதியில் என்ன எழுதியிருக்கிறது என்று வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள். ‘சூடேற்றியதற்கான அறிகுறி இல்லை’ என்பது ஒரு முடிவு. அந்த இடம் காலியாக இருப்பது முடிவே அல்ல; சோதிக்காமலே விட்டிருக்கலாம். ‘இயற்கை நீலக்கல்’ என்ற தலைப்பு, கல் எங்கே பிறந்தது என்பதற்கு மட்டும்தான் பதில். அப்புறம், அறிக்கையில் உள்ள எடையும் நீள அகலமும் கையில் உள்ள கல்லோடு பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். நல்ல கல்லின் அறிக்கையோடு வேறு கல் வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

கே: டான்சனைட், சிட்ரின் ‘சூடேற்றாதது’ என்று விளம்பரம் பார்த்தேன்.

அதற்காகக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். ஊதா கலந்த நீலக் கல்லான டான்சனைட் அனேகமாக எல்லாமே சூடேற்றியவை. மஞ்சள் கல்லான சிட்ரினில் பெரும்பகுதி, அமெதிஸ்ட் என்ற ஊதாக் கல் சூட்டில் மஞ்சளானது. நிறம் பிடித்திருந்தால் வாங்குங்கள்.

கே: வைர டெஸ்டர் ‘வைரம்’ என்று காட்டினால் இயற்கை வைரம்தானே?

இல்லை. அது வெப்பம் கடத்தும் தன்மையை அளக்கிறது. ஆய்வகத்தில் வளர்ந்ததும் வைரமே என்பதால் அதற்கும் ஒலிக்கும். வைரம் போலவே தெரியும் மாய்சனைட் என்ற வேறு கல் கூடச் சில டெஸ்டர்களை ஏமாற்றிவிடும்.

கே: என்னிடம் உள்ள பழைய மாணிக்கத் தோட்டை விற்க நினைக்கிறேன். பில் இல்லை, கல்லைப் பற்றி எதுவும் தெரியாது. நான் என்ன சொல்லி விற்பது?

தெரியாது என்றே சொல்லுங்கள். “மாணிக்கம் என்று நம்புகிறேன், பரிசோதிக்கவில்லை, ட்ரீட்மென்ட் விவரம் தெரியாது” என்று எழுதிக் கொடுங்கள். அதற்கேற்ற விலைதான் கிடைக்கும், அது நியாயமானதும்கூட. பழைய நகை என்பதால் கல்லும் பழையதாகத்தான் இருக்கும் என்று எண்ண வேண்டாம், நடுவில் யாராவது மாற்றியிருக்கலாம். கல் பெரிதாகவும் நல்ல நிறமாகவும் இருந்தால், விற்பதற்கு முன் ஆய்வகத்தில் காட்டுவது உங்களுக்கே லாபம். சூடு படாத கல்லாக அமைந்துவிட்டால் கிடைக்கும் விலைக்கு முன் அறிக்கைக்கான செலவு ஒரு பொருட்டே இல்லை. கொண்டு போகும் வரை தோட்டைப் பாலிஷுக்கோ கழுவவோ கொடுக்காதீர்கள்.