வரம்பில் நடக்க வழிகாட்டி எதற்கு? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

கண்டிப் பக்கத்து மலைக்கிராமமான மீமுரேக்குப் போய்வந்ததைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நாங்கள் கொழும்பில், வெள்ளவத்தையில் இருக்கிறோம். அப்பாவுக்கு 68 வயது. மட்டக்களப்புப் படுவான்கரையில் முப்பது வருஷம் வேளாண்மை செய்தவர். அம்மா போன பிறகு எங்களோடு இருக்கிறார். ஐந்தாம் மாடி பல்கனியில் கதிரையைப் போட்டுக் கடலைப் பார்த்தபடி இருப்பார். அவரை மலைநாட்டுப் படிக்கட்டு வயல்களுக்குக் கூட்டிப்போக ஆசை. வழிகாட்டிக்குக் காசு கொடுக்க வேண்டும் என்றதும், "வரம்பில நடக்க எனக்கு ஒராள் வழி காட்டவேணுமா?" என்று எழும்பிப் போய்விட்டார். முழங்கால் வலியும் உண்டு. சிங்களம் கொஞ்சம் பேசுவார். அலுவலகத்தில் எல்லாரும் பாலிக்குப் போகச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தங்கைக்கு,

அப்பாவின் கோபம் எனக்கு விளங்குகிறது. முப்பது வருஷம் வரம்பு கட்டியவரிடம் அப்படிச் சொன்னால் வேறு எப்படி இருக்கும்? ஆனாலும் வழிகாட்டியோடுதான் போகவேண்டும் என்பேன். காரணத்தை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

பல வருஷங்களுக்கு முன் வலப்பனைப் பக்கம் ஒரு கிராமத்துக்கு நண்பர்கள் நாலு பேர் போனோம். வயல்தானே, யாரைக் கேட்பது என்று இறங்கி நடந்தோம். புதிதாகச் சேறு பூசிய வரம்பு ஒன்றில் நான் கால் வைத்தேன். மேலே காய்ந்த மாதிரித்தான் தெரிந்தது. கால் கணுக்கால்வரை இறங்கி, வரம்பில் ஒரு முழம் உடைந்து விழுந்தது. மேல் வயலின் தண்ணீர் அப்படியே கீழே பாய்ந்து, அங்கே விதைத்திருந்த முளைநெல்லை ஒரு மூலைக்கு ஒதுக்கிவிட்டது. மேலேயிருந்து ஒரு அம்மா மண்வெட்டியோடு வந்தார். எங்களை ஒரு வார்த்தை ஏசவில்லை. சேற்றை வெட்டி வெட்டி அடைத்தார். அரை மணித்தியாலம் எடுத்தது. நாங்கள் மன்னிப்புக் கேட்டோம், உதவ வந்தோம், கையைக் காட்டித் தள்ளி நிற்கச் சொன்னார். அந்தக் கை இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

படுவான்கரையின் வயல் தட்டை. வரம்பில் வழுக்கினால் முழங்கால்வரை சேறு, அவ்வளவுதான். மலையில் ஒரு வரம்புக்கு அந்தப் பக்கம் நாலடி பள்ளம் இருக்கும். ஒவ்வொரு வயல் துண்டும் கை அகலம், அறை அகலம் என்று மலையின் வளைவுக்கு ஏற்றபடி இருக்கும். தண்ணீர் மேலே ஓடையிலிருந்து வாய்க்காலில் வந்து, முதல் துண்டை நிரப்பி, வரம்பில் வெட்டிய வாயால் அடுத்த துண்டுக்கு இறங்கும். ஒரு இடத்தில் பிழை வந்தால் கீழே உள்ள எல்லாரையும் பாதிக்கும். எந்த வரம்பு நேற்றுப் பூசியது, எது காய்ந்தது என்று அந்த ஊர்க்காரருக்குத்தான் தெரியும்.

மீமுரேயில் எங்களைக் கூட்டிப்போனவர் வெறுங்காலோடு, தோளில் மண்வெட்டியோடு வந்தார். வழி காட்ட வருபவருக்கு மண்வெட்டி எதற்கு என்று முதலில் விளங்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் ஒரு வரம்பில் நின்றார். ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் ஒரு ஓட்டை, அதால் தண்ணீர் சத்தமில்லாமல் கசிந்துகொண்டிருந்தது. நண்டு வளை. கையை உள்ளே விட்டுப் பார்த்தார். ஒரு பிடி புல்லைச் சேற்றோடு உருட்டித் திணித்து, குதிக்காலால் மூன்று தரம் மிதித்தார். கசிவு நின்றது. பக்கத்தில் தண்ணீர் இறங்கும் வாயைக் காட்டி "வக்கட" என்றார். மட்டக்களப்பில் வக்கடை என்போமே, அதே சொல். நான் "வக்கடை" என்று திருப்பிச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும்! அதற்குப் பிறகு எங்கள் பேச்சுக்கு மொழி பெரிய தடையாக இருக்கவில்லை. வயல், தண்ணீர் விஷயங்களைப் பார்ப்பவர் உங்கள் ஊரில் வட்டவிதானை, அங்கே வெல் விதானே. பச்சைப்பெருமாள் நெல்லை அவர்களும் பச்சைப்பெருமாள் என்றே சொல்கிறார்கள். உங்கள் அப்பாவுக்கு அங்கே என்னைவிட நூறு மடங்கு பேச இருக்கும். "வழிகாட்டி" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். "அங்க ஒரு கமக்காரர் இருக்கிறார், அவருடைய வயலைப் பார்க்கப் போவம்" என்று சொல்லிப் பாருங்கள்.

பாலியைப் பற்றி: நல்ல இடந்தான். ஆனால் யுனெஸ்கோ 2012 இல் அதை உலக மரபுரிமையாக அறிவித்தபோது, அழகோடு சேர்த்து சுபக் என்கிற நீர்ப்பங்கீட்டு முறையையும் முன்வைத்தே அறிவித்தது. யாருக்கு எப்போது தண்ணீர் என்று கமக்காரர்கள் கூடி முடிவெடுப்பது உங்கள் அப்பாவுக்குப் புதிதல்ல. அதைத் தனக்குப் பாதி விளங்கும் மொழியில் கேட்பதில்தான் அவருக்குச் சந்தோஷம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

முழங்காலைப் பற்றி யோசித்தேன். படி ஏறுவதைவிட இறங்குவதுதான் நோகும். ஆகவே வயலுக்கு நடுவால் இறங்கவேண்டாம். தலைவாய்க்கால் கரையால் கூட்டிப்போகச் சொல்லுங்கள். தண்ணீர் மெல்ல ஓடுவதற்காக வாய்க்காலை மலையின் இடுப்போடு கிட்டத்தட்ட மட்டமாக வெட்டியிருப்பார்கள். அதன் கரையில் நடந்தால் எல்லா வயலும் காலுக்குக் கீழே தெரியும். கையில் ஒரு தடி இருந்தால் போதும்.

பாட்டா போட்டுக்கொண்டு போகவேண்டாம், வழுக்கும். அட்டை இருக்கும், காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டால் அவ்வளவாக ஏறாது. எலிக்காய்ச்சலை மட்டும் கவனமாக எடுங்கள். காலில் வெட்டோ புண்ணோ இருந்தால் சேற்றில் இறங்கக் கூடாது. வந்த பிறகு காய்ச்சல் வந்தால் வயலுக்குப் போனதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். மழைக் காலமென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

மீமுரேக்கு என்றால் கண்டி போய், மகியங்கனைப் பாதையில் ஹுன்னஸ்கிரியவில் திரும்ப வேண்டும். அங்கிருந்து லூல்வத்த தாண்டி இறங்கும் பாதை ஒடுக்கம், ஆட்டம் அதிகம். அப்பாவோடு ஒரே நாளில் போய்த் திரும்ப நினைக்காதீர்கள். இரவு ஊரிலேயே ஒரு வீட்டில் தங்குங்கள். கொழும்பில் இருந்து ஏற்பாடு செய்பவருக்கு எல்லாக் காசையும் கொடுத்துவிட்டால் நடந்துவருபவரின் கைக்கு எவ்வளவு போகும் என்று உங்களுக்குத் தெரியாது. முடிந்தவரை ஊர்க்காரரோடு நேரே பேசி, அவர் கையிலேயே கொடுங்கள். அவர் தன் வயல் வேலையை விட்டுவிட்டுத்தான் வருகிறார்.

எப்போது போவது என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பெரும்போகம் செப்டெம்பரில் இருந்து மார்ச் வரை, சிறுபோகம் மேயில் இருந்து ஓகஸ்ட் வரை என்பது பொதுக் கணக்கு. மலையில் தண்ணீரைப் பொறுத்து ஊருக்கு ஊர் மாறும். உழவா, நாற்றா, கதிரா என்று ஒரு கிழமைக்கு முன்பே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த அழைப்பை அப்பாவையே எடுக்கச் சொல்லுங்கள். வக்கடையில் இப்போது எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று அவருக்குத்தான் கேட்கத் தெரியும்.

அன்புடன்,
அண்ணா