சோறு, முட்டை, ஆராய்ச்சி: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் உணவு ஆராய்ச்சிச் செய்திகளைப் பற்றி எழுதியதற்கு நிறையக் கடிதங்கள் வந்தன. இடம் இருக்கும் வரை பதில் சொல்கிறேன்.

இருபது வருஷமாக என் கணவருக்கு முட்டையின் வெள்ளைக் கருவை மட்டும்தான் கொடுத்தேன். இப்போது முழு முட்டை சாப்பிடலாம் என்கிறார்கள். ஆராய்ச்சி செய்பவர்களுக்கே ஒரு நிலை இல்லையென்றால் நாங்கள் யாரை நம்புவது?
வாசகி, கும்பகோணம்

உங்கள் கோபம் நியாயமானது. ஒரு மஞ்சள் கருவில் 180 மில்லிகிராம் அளவுக்குக் கொலஸ்ட்ரால் இருப்பது உண்மைதான். நாளுக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்காவில் ஒரு வரம்பு இருந்தது, 2015-2020க்கான வழிகாட்டியில் அந்த எண்ணை எடுத்துவிட்டார்கள். ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைக் கல்லீரலே செய்துகொள்கிறது, பலருக்கு அதை ஏற்றிவிடுவது முட்டையைவிட வனஸ்பதி, பாமாயில், நெய் வகைக் கொழுப்புதான். கணவருக்குச் சர்க்கரையோ இதயக் கோளாறோ இருந்தால் மட்டும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

செய்தி மாறிமாறி வருவதற்கு இன்னொரு காரணம் உண்டு. முட்டை சாப்பிடாதவர்கள் அதற்குப் பதிலாக என்ன சாப்பிட்டார்கள் என்பதைச் செய்தியில் போடுவதே இல்லை. முட்டையை விட்டுவிட்டு ஜாம் தடவிய பிரெட் சாப்பிட்டவரோடு ஒப்பிட்டால் ஒரு முடிவு வரும், சுண்டல் சாப்பிட்டவரோடு ஒப்பிட்டால் வேறு முடிவு வரும். ‘எதற்குப் பதிலாக?’ என்ற கேள்வியை எந்த உணவுச் செய்தியிடமும் கேளுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

உணவு ஆராய்ச்சி எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஸ்பெயினில் நடந்ததைச் சொல்கிறேன். இதய நோய் வரக்கூடிய சுமார் 7,400 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு இலவசமாக ஆலிவ் எண்ணெய், இன்னொன்றுக்குக் கொட்டைகள், மூன்றாவதற்குக் கொழுப்பைக் குறைக்கும்படி அறிவுரை மட்டும். முதல் இரண்டு கூட்டத்திலும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு என்று 2013ல் வெளியிட்டார்கள், உலகமே பேசியது. பிறகு பார்த்தால் ஓர் இடத்தில் ஆள் ஆளுக்குக் குலுக்காமல், ஒரு மருத்துவமனைக்கு வருபவர் எல்லோருக்கும் ஒரே பொருளைக் கொடுத்திருக்கிறார்கள், சில வீடுகளில் கணவன் எந்தக் கூட்டமோ மனைவியையும் அதிலேயே சேர்த்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்கு எண்ணெய் டின், நமக்கு வெறும் அறிவுரை என்றால் எந்த ஊரில்தான் சும்மா இருப்பார்கள்? 2018ல் அந்தக் கட்டுரையை அவர்களே திரும்பப் பெற்று, கணக்கை மறுபடி போட்டு வெளியிட்டார்கள். முடிவு ஏறக்குறைய அதேதான், ஆனால் வார்த்தையில் பழைய உறுதி இல்லை. இப்படித் தப்பை ஒத்துக்கொண்டு திருத்துகிறவர்களைத்தான் நான் நம்புகிறேன்.

100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராம் இருக்கும் இரும்புச்சத்து, ராத்திரி ஊறிப் பழையசோறு ஆனதும் 73.91 மில்லிகிராம் ஆகிறதாமே? வாட்ஸ்அப்பில் வந்தது.
வாசகர், விருதுநகர்

எனக்கும் வந்தது, பத்துத் தடவைக்கு மேல். அது நடக்காது. இரும்பு ஒரு தனிமம், பாக்டீரியாவால் அதைப் புதிதாக உண்டாக்க முடியாது. பானையில் என்ன இரும்பு இருந்ததோ அதேதான் காலையிலும் இருக்கும், இரும்புச் சட்டியில் ஊறவைத்திருந்தால் கொஞ்சம் கூடலாம். புளிக்கும்போது உண்மையில் நடப்பது வேறு. இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும் பைட்டேட் என்ற பொருள் குறைகிறது, அதனால் இருக்கிற இரும்பு உடம்பில் சுலபமாகச் சேர்கிறது. ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி செரிக்காத வகையாக மாறிப் பெருங்குடலில் உள்ள நல்ல பாக்டீரியாவுக்குத் தீனியாகிறது. பழையசோற்றின் பெருமைக்கு இதுவே போதுமே, பொய்க் கணக்கு எதற்கு? நீராகாரத்தோடு ஒரு நெல்லிக்காயைக் கடித்துக்கொள்ளுங்கள், அதிலுள்ள வைட்டமின் சி இரும்பைச் சேர்க்க உதவும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் அந்தப் பலன் கெட்டுப்போகும்.

கல்லூரியில் படிக்கும் என் மகன், பூமியைக் காப்பாற்ற மீனையும் கறியையும் விடச் சொல்கிறான். நாங்கள் வாரத்தில் ஒரு நாள் மீன், மாதத்தில் இரண்டு நாள் கறி எடுப்பவர்கள். நாங்களா பூமியைக் கெடுக்கிறோம்?
வாசகி, தூத்துக்குடி

மகன் படித்தது பெரும்பாலும் ஈட் என்ற அமைப்பும் லான்செட் என்ற மருத்துவ இதழும் சேர்ந்து அமைத்த குழுவின் ஈட்-லான்செட் அறிக்கையாக இருக்கும். ஹார்வர்டின் வால்டர் வில்லெட் உள்பட 16 நாடுகளைச் சேர்ந்த 37 பேர் சேர்ந்து 2019 ஜனவரியில் வெளியிட்டது. உடம்புக்கும் பூமிக்கும் தாங்கும்படி ஒரு நாள் சாப்பாட்டைக் கிராம் கணக்கில் போட்டிருக்கிறார்கள். மாடு, ஆடு, பன்றி இறைச்சி 14 கிராம், மீன் 28 கிராம், அதாவது மீன் மட்டும் வாரத்துக்கு 200 கிராம் வரும். உங்கள் வீட்டில் ஆளுக்கு அவ்வளவு விழுகிறதா என்று பாருங்கள். அந்த அறிக்கையில் கறியைக் குறைக்கச் சொல்லியிருப்பது முக்கியமாகத் தினமும் தட்டு நிறைய மாட்டிறைச்சி சாப்பிடும் நாடுகளுக்கு. மகனைத் திட்டாதீர்கள், அக்கறையோடுதான் சொல்கிறான்.

ஆனால் அதே அறிக்கையில் நமக்கு உறைக்கவேண்டிய வரி ஒன்று இருக்கிறது. பருப்பு, பயறு வகை 75 கிராம், காய் 300 கிராம். அதைப் படித்த அன்று எங்கள் வீட்டுச் சாம்பாருக்குப் போடும் துவரம்பருப்பைத் தராசில் வைத்துப் பார்த்தேன். அரை டம்ளர், நான்கு பேருக்கு, 100 கிராம்கூட வரவில்லை. ஆளுக்கு 25 கிராம்கூட இல்லை, அதுவும் தண்ணீராக ஓடுகிறது. பக்கத்தில் சோறு மலை மாதிரி. அன்றிலிருந்து மாலையில் ஒரு கிண்ணம் பயறு வேகாமல் எங்கள் வீட்டில் பொழுது போவதில்லை.

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2025ல் வந்தது. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. இதில் முக்கியமான செய்தி, அரிசிக்குப் பதில் கோதுமை, சிறுதானியம் என்று மாற்றிவிட்டு அளவைக் குறைக்காமல் இருந்தால் சர்க்கரை நோய் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் கொஞ்சத்தை எடுத்துவிட்டுப் பருப்பு, பால் புரதத்தை வைத்த கணக்கில்தான் குறைந்தது. எதற்குப் பதிலாக என்ற அதே கேள்வி!

பூமிக் கணக்கிலும் நெல்லுக்கு இடம் உண்டு. தண்ணீர் கட்டிய வயலில் காற்றுப் போகாத சேற்றிலிருந்து மீத்தேன் கிளம்புகிறது. அதற்காக நெல்லை விடவேண்டியதில்லை, காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினாலே மீத்தேன் பாதிவரை குறையும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. வயலில் ஓட்டை போட்ட குழாயைப் புதைத்துவைத்து, உள்ளே தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு அடுத்த தண்ணீர் விடுவார்கள், அவ்வளவுதான்.

மகனிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். இந்த ஈட்-லான்செட் சாப்பாட்டை உலகில் சுமார் 158 கோடிப் பேரால் வாங்கவே முடியாது என்று டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பூமியைப் பற்றிப் பேசும்போது அவர்களையும் சேர்த்துப் பேசச் சொல்லுங்கள்.

கம்பெனிக் காசில் நடக்கும் ஆராய்ச்சியை நம்பலாமா?
வாசகர், ஓசூர்

யார் காசு என்று முதலில் பாருங்கள். 1960களில் அமெரிக்கச் சர்க்கரை ஆலைகளின் அமைப்பு, ஹார்வர்டு ஆய்வாளர்களுக்குப் பணம் கொடுத்து, இதய நோய்ப் பழியைச் சர்க்கரையிலிருந்து கொழுப்பின் பக்கம் தள்ளும் கட்டுரையை எழுதவைத்தது. 1967ல் வந்த கட்டுரையில் யார் பணம் என்பது இல்லை. பழைய கடிதங்களைத் தோண்டிக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தினர் 2016ல்தான் வெளியே கொண்டுவந்தார்கள். அதனால் காசு கொடுத்தவர் பெயரைச் சொல்லாத கட்டுரையை நான் தொடுவதில்லை.

புழுங்கல் அரிசியா, பச்சரிசியா? மாமியாருக்கும் எனக்கும் தினமும் இதே பேச்சு.
வாசகி, திருநெல்வேலி

புழுங்கல் என்று சொல்பவர் யாரோ, அவர் பக்கம்தான் நான். இதற்கு நம் ஊர் ஆராய்ச்சியே இருக்கிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஒற்றை அறையில் தொடங்கியதுதான். மெக்காரிசன் என்ற மருத்துவர், பி1 வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராய்ந்த அறை அது. பின்னாளில் அங்கே இயக்குநராக இருந்த அய்க்ராய்டு சென்னை மாகாணத்தைப் பார்த்தபோது, ஆலையில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட வடக்கு ஆந்திரக் கரையோரத்தில் பெரிபெரி இருந்தது, புழுங்கல் சாப்பிட்ட தமிழ் மாவட்டங்களில் பெரும்பாலும் இல்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, அப்புறம் தீட்டினாலும் கொஞ்சம் தங்குகிறது.

ஆனால் மூன்று நான்கு தண்ணீரில் தேய்த்துக் கழுவி, வெந்ததும் கஞ்சியை வடித்தால் அந்தப் பி1 தண்ணீரோடு போய்விடும். கழுநீரும் வடிகஞ்சியும் மாட்டுக்குத்தான் போகிறது, மாடு கொடுத்துவைத்தது. வடித்தே பழகியிருந்தால் அந்தக் கஞ்சியில் உப்புப் போட்டு இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு டம்ளர் குடியுங்கள்.