பெர்மிட் காணிக்கு அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கேள்வி: ஐயா, திருகோணமலை உவர்மலையில் இரண்டு அறை வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். நாங்கள், இரண்டு பிள்ளைகள், மாமியார், கொழுந்தனும் மனைவியும் என மொத்தம் ஏழு பேர். வாடகை 30,000 ரூபா. அடுத்த மாதம் முதல் 40,000 கேட்கிறார்கள். கணவருக்குச் சீனக்குடாவில் தனியார் வேலை. இருவருக்கும் சேர்த்து மாதம் 145,000 வருகிறது. நிலையான வைப்பில் 9 இலட்சம் இருக்கிறது. நிலாவெளிப் பக்கம் 10 பேர்ச் பெர்மிட் காணி 12 இலட்சத்துக்கு வருகிறது. உடனே அட்வான்ஸ் தரச் சொல்கிறார் தரகர். வாங்கி, 40 இலட்சம் கடன் எடுத்து வீடு கட்டலாமா?

பதில்: அட்வான்ஸ் கொடுக்காதீர்கள், தங்கச்சி.

பெர்மிட் காணி என்பது அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த அரச காணி. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி, எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் அதைக் கைமாற்றினால் செல்லாது. நொத்தாரிசு முன்னால் கையெழுத்துப் போட்டாலும் அதே கதைதான். இன்னொருவர் பெயரிலுள்ள பெர்மிட்டை நீங்கள் வங்கியில் ஈடு வைக்கவும் முடியாது. பிறகு அந்த 40 இலட்சம் எங்கிருந்து வரும்?

அவசரம் புரிகிறது. ஓர் அறைக்கு மூன்று பேருக்கு மேல் என்றால் நெரிசல் என்பது ஐ.நா.வின் அளவுகோல், நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். நகரமும் விரிய இடமில்லாதது. இரண்டு பக்கமும் கடல், மிச்சத்தில் கடற்படைத் தளமும் பிரெட்றிக் கோட்டையும். உப்புவெளிப் பக்கம் வாடகை அறையை விட சுற்றுலாப் பயணிக்கு விடும் அறையில் காசு கூட. வாடகை குறையும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

ஆனால் நெரிசல் இன்றைய பிரச்சினை, சொந்த வீடு ஐந்தாறு வருட வேலை. இரண்டையும் ஒரே கடனால் தீர்க்கப் பார்ப்பதுதான் சிக்கல். 40 இலட்சத்தை 12 வீத வட்டியில் 15 வருடத்துக்கு எடுத்தால் மாதம் ஏறக்குறைய 48,000, அதாவது உங்கள் வருமானத்தில் மூன்றில் ஒன்று. மாறும் வட்டி என்றால் 16 வீதத்தில் அதுவே 58,700 ஆகிவிடும். 2022இல் வட்டி எப்படி ஏறியது என்று அப்போது கடன் கட்டிக்கொண்டிருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். 30 இலட்சத்தோடு நின்றால் 16 வீதத்திலும் 44,000தான்.

அதைவிட மோசமானது கட்டும் காலம். வங்கி பணத்தைக் கட்டம் கட்டமாகத்தான் விடும். 30 இலட்சமும் வந்து முடியும்போது 12 வீதத்திலேயே வட்டி மட்டும் மாதம் 30,000. வாடகை 40,000 அதோடு சேர்ந்தால் சம்பளத்தில் பாதி போய்விடும். கூரை போடாமல் நிற்கும் வீடுகளில் பல இந்த இடத்தில்தான் நின்றன. அதனால் என்றைக்குக் கட்டினாலும் முதலில் ஓர் அறை, குசினி, மலசலகூடம் மட்டும் கட்டிக் குடிபுகுங்கள். மற்ற அறைகள் பிறகு.

இப்போதைக்குப் பாலையூற்று, சீனக்குடாப் பக்கம் வாடகை வீடு தேடுங்கள். கணவருக்கு வேலையும் கிட்ட. நிலாவெளியில் குடியிருந்தால் தினமும் நகரத்தைக் கடந்து மறுபக்கம் போகவேண்டும், பெற்றோல் காசைக் கணக்கில் எடுத்தீர்களா? கொழுந்தன் வாடகையில் பங்கு தருகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. தராவிட்டால் அதைக் கணவர் பேசட்டும், நீங்கள் பேச வேண்டாம்.

உறுதிக் காணி, அதாவது உரிமைப் பத்திரம் உள்ள தனியார் காணி கிடைத்தால், தோம்பு (காணிப் பதிவேட்டுப் பிரதி) எடுத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். முத்திரைத் தீர்வையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: முதல் இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். 20 இலட்சக் காணிக்கு 79,000 ரூபா. நொத்தாரிசு கட்டணம் வேறு. கணவர் பத்து வருடத்துக்கு மேல் ஊழியர் சேமலாப நிதி கட்டி, 3 இலட்சத்துக்குக் குறையாமல் மீதி இருந்தால், அதில் 30 வீதத்தை வீட்டுத் தேவைக்கு எடுக்கலாம். ஓய்வுக்காலப் பணத்தைத் தொடச் சொல்ல எனக்கு மனம் வராது. கடனைக் குறைக்கத்தான் என்றால் சரி. வைப்பில் இரண்டரை இலட்சத்தை மட்டும் எதற்கும் தொடாதீர்கள்.

தரகரிடம் பெர்மிட்டின் போட்டோக்கொப்பி கேளுங்கள். தந்தால் பிரதேச செயலகக் காணிப் பிரிவில் காட்டி, யார் பெயரில் இருக்கிறது, கைமாற்ற அனுமதி கிடைக்குமா என்று விசாரியுங்கள். தர மறுத்தால் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிடுங்கள்.