சிற்றலை ஆன்டெனா: எத்தனை அடி கம்பி போதும்?

அண்ணே, ரேடியோவில் இருக்கும் குச்சி ஆன்டெனா போதவில்லை. மாடியில் நூறு அடி கம்பி இழுத்தால் நல்லா கேட்குமா? (பழைய வண்ணாரப்பேட்டை)

குச்சியைவிட நல்லா கேட்கும். ஆனால் அதற்கு நூறு அடி தேவையில்லை. 300ஐ ஸ்டேஷனின் மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். உதாரணமாக 9.5 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 31.5 மீட்டர், அதில் கால்வாசி 26 அடி. கையடக்க ரேடியோவுக்கு அது தாராளம். அதற்கு மேல் நீட்டினால் நிலையத்தின் ஒலி கூடும், கூடவே இரைச்சலும் கூடும். என்னைக் கேட்டால் நீளத்தைவிட, கம்பி கான்கிரீட் சுவரைத் தாண்டி வெளியே போவதுதான் முக்கியம்.

நீளக் கம்பி மாட்டியதும் நாலு ஸ்டேஷன் ஒன்றாகக் கலந்து கேட்கிறது. செட் பழுதா சார்? (ராயபுரம்)

பழுதில்லை, அளவுக்கு மீறி சிக்னல் உள்ளே போகிறது. 'லோக்கல்/டிஎக்ஸ்' (அருகு/தொலைவு) சுவிட்ச் இருந்தால் லோக்கலுக்குத் தள்ளுங்கள். இல்லையென்றால் நேரடியாக இணைக்காமல், உறை உரிக்காத கம்பியைக் குச்சியின் மேல் நாலைந்து சுற்று சுற்றிவிடுங்கள்.

எங்களுக்கு மொட்டை மாடி கிடையாது, ஒரு ஜன்னல்தான். எந்நேரமும் 'கர்ர்' சத்தம். (வியாசர்பாடி)

ரேடியோவை பேட்டரியில் ஓட்டிக்கொண்டு வீட்டு மெயினை அணையுங்கள். சத்தம் நின்றால் திருடன் உங்கள் வீட்டில்தான். மெயினைப் போட்டு, பொருட்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பாருங்கள்; பெரும்பாலும் மலிவான எல்இடி பல்போ போன் சார்ஜரோதான் மாட்டும். நிற்கவில்லையென்றால் அக்கம்பக்கத்துச் சத்தம். ஏரியா முழுக்கக் கரண்ட் இல்லாத ராத்திரியில் கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் புரியும். ஜன்னல் வீட்டுக்கு, ஒரு மீட்டர் விட்டமுள்ள வளைய ஆன்டெனாவைத்தான் சொல்வேன். அளவில் சின்னது, ஆனால் மெல்லத் திருப்பினால் ஒரு கோணத்தில் இரைச்சல் சட்டென அடங்கும், ஸ்டேஷன் தொடர்ந்து கேட்கும். நீளக் கம்பியில் இந்த வசதி இல்லை.

உப்புக்காற்றில் செம்புக்கம்பி பச்சை பூத்துவிடுகிறது, அண்ணா. (காசிமேடு)

பிவிசி உறை போட்ட கம்பியே வாங்குங்கள், உறை சிக்னலைத் தடுக்காது. இணைப்பை மட்டும் ஈயம் வைத்து மூடுங்கள். முனைகளைக் கட்ட உங்கள் பக்கத்து வலைக்கடை நைலான் கயிறே போதும். மின்கம்பிக்கு மேலேயோ அருகிலேயோ மட்டும் இழுக்காதீர்கள். இடி மழைக்கு முன்பே ஆன்டெனாவைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள்.

பகலில் 6 மெகாஹெர்ட்ஸில் ஒன்றுமே வருவதில்லையே, கம்பியை நீட்டட்டுமா? (திருவொற்றியூர்)

வேண்டாம் தம்பி. பகல் வெயிலில் வானத்தில் உயரே இருக்கும் அயனி மண்டலத்தின் (மின்னூட்டத் துகள்கள் நிறைந்த பகுதி) அடிமட்ட அடுக்கு அந்த அலையை விழுங்கிவிடும். பகலில் 15 மெகாஹெர்ட்ஸ் பக்கம் தேடுங்கள், 6க்கு இருட்டியபின் வாருங்கள்.