சூப்பர்ஹீரோ ரோல்பிளேயிங் விளையாட்டுக்கு எந்த விதிநூல், எந்தத் துணைநூல்?

நண்பர்கள் சேர்ந்து சூப்பர்ஹீரோ ரோல்பிளேயிங் (ஆளுக்கொரு பாத்திரமாக மாறிக் கதையை நகர்த்தும் விளையாட்டு) புதிதாக ஆடப்போகிறோம், என்னென்ன வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு ஒரே ஒரு விதிநூல் போதும். எது என்பது, உங்கள் கூட்டத்துக்குக் கணக்குப் பிடிக்குமா, கதை பிடிக்குமா என்பதைப் பொறுத்தது.

கணக்கு என்றால் 'மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ்' மூன்றாம் பதிப்பு. பவர் லெவல் (நாயகனின் பலத்தின் அளவு) 10 என்றால், அவனை உருவாக்கச் செலவழிக்க 150 புள்ளிகள். பறக்கும் சக்திக்குப் படிக்கு 2 புள்ளி என்று ஒவ்வொன்றையும் விலை பார்த்து வாங்க வேண்டும். முதல் நாயகனை உருவாக்கவே ஒரு மாலை போய்விடும். அதனால் நூலிலேயே இருக்கும் தயார் நாயகர்களை எடுத்து ஆடிப்பாருங்கள். 1981-இல் வந்த 'சாம்பியன்ஸ்' இந்தப் புள்ளி முறைக்கு மூத்த அண்ணன், கணக்கும் அதில் கூடுதல்.

கதை என்றால் என் ஓட்டு 'மாஸ்க்ஸ்'-க்கு. பதின்வயது நாயகர்கள், இரண்டு பகடைகள். இதில் அடிபட்டால் உயிர்ப்புள்ளி குறையாது. பயம், கோபம், குற்றவுணர்வு, நம்பிக்கையிழப்பு, தன்மேல் சந்தேகம் ஆகிய ஐந்தில் ஒன்று ஒட்டிக்கொள்ளும். கோபம் தணிய வேண்டுமா? அந்த நாயகன் யாரையாவது காயப்படுத்த வேண்டும், அல்லது முக்கியமான எதையாவது உடைக்க வேண்டும். அங்கிருந்து கதை தானாகவே ஓடும்.

சரி, துணைநூல்? நாலைந்து ஆட்டம் முடியட்டும். அப்புறம் முதலில் வில்லன்கள் தொகுப்பு வாங்குங்கள், கேம் மாஸ்டருக்கு, அதாவது ஆட்டத்தை நடத்துபவருக்கு, பாதி வேலை மிச்சம். கற்பனை நகரத்தை விவரிக்கும் தடிமனான புத்தகம் ஒன்றை நான் ஆசையாக வாங்கினேன். இன்றுவரை பத்துப் பக்கம் தாண்டவில்லை.